பழைய பெட்டிக்கு மூன்று வருடம் நீட்டிப்புக் கொடுத்த இயக்குநர் குழுவுக்கு

இயக்குநர் குழுவுக்கு,

மார்கழிக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய ஏழாவது தீர்மானத்தைப் படித்தேன். நான்கு கொள்முதல் நிலையங்களிலும் எடைமேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற, எடையையும் பட்டியலையும் இணையம் வழியாக நம் சர்வருக்கு அனுப்புகிற சாம்பல் நிறப் பெட்டிகள் அப்படியே இருக்கட்டும், அவற்றைக் கொடுத்த கம்பெனிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கப்படுகிறது, "உறுப்பினர்களிடையே தேவையற்ற அச்சத்தைக் கிளப்புவதை அனைவரும் தவிர்க்க வேண்டும்". அந்தக் கடைசி வரி யாருக்காக எழுதியது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெட்டிகளின் மென்பொருளில் இருக்கிற பாதுகாப்பு ஓட்டையைப் பற்றி இரண்டு தடவை கடிதம் கொடுத்து, ஒரு தடவை நேரில் வந்து அரை மணி நேரம் பேசி, அதற்குப் பதிலாக இந்த வரி கிடைத்த பிறகு மறுபடியும் மூடிய உறையில் எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நம் நிறுவனத்தின் பெயர், ஊர்ப் பெயர், கம்பெனியின் பெயர் எதுவும் இதில் இருக்காது. ஓட்டை இன்னும் திறந்து கிடக்கிறது, அதற்கு விலாசம் எழுதிக் கொடுக்க எனக்கு மனசில்லை. கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிற, உளுந்தும் பாரம்பரிய நெல்லும் வாங்கி விற்கிற ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அவ்வளவுதான். படிக்கிறவர்களுக்கு இது போதும். உங்களுக்கு இதுகூடத் தேவையில்லை.

ஐப்பசி அடைமழையில் இரண்டாம் நிலையத்துக் கொட்டகை ஒழுகியது ஞாபகம் இருக்கும். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி அது அணைந்து போக, கம்பெனிக்காரர் வர எட்டு நாள் ஆகும் என்று சொல்ல, சிஇஓ அதை ஒரு உரச் சாக்கில் சுற்றி, "தம்பி, நீதான் சர்வர் வேலை பார்க்கிறியே, கொஞ்சம் பாரேன்" என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கேட்டுத்தான் திறந்தேன், யாருக்கும் தெரியாமல் எதையும் நோண்டவில்லை. மின்சாரம் வருகிற பலகையில் ஒரு சின்னப் பாகம் கருகியிருந்தது, மாற்றினேன், உயிர் வந்தது. அத்தோடு திருப்பிக் கொடுத்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஆனால் பதினோரு வருடமாக இதே வேலை பார்க்கிறவனுக்கு, ஒரு பெட்டி உயிர் பெற்றதும் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. மாட்டு டாக்டர் சொந்தக்காரர் வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் தொழுவத்தை ஒரு எட்டு பார்ப்பார் இல்லையா, அந்த மாதிரி.

உள்ளே இருந்தது ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1இ.

உங்களில் பலருக்கு இது ஒன்றும் சொல்லாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். இணையத்தில் பூட்டுப் படம் காட்டுகிற எந்தப் பக்கமானாலும், அந்தப் பூட்டை அந்தந்தக் கம்பெனி தானே அடிப்பதில்லை. கதவு செய்கிற ஆசாரி பூட்டைத் திண்டுக்கல்லிலிருந்து வாங்கி மாட்டுவது போல, ஏற்கெனவே எழுதிச் சோதித்த ஒரு மறையாக்க லைப்ரரியை, அதாவது தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றுகிற நிரல் தொகுப்பை, எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள். அதில் உலகம் முழுக்கப் பரவியது ஓபன்எஸ்எஸ்எல். நம் பெட்டியில் இருக்கிற பதிப்பு வெளிவந்தது 2013 பிப்ரவரியில். அந்த 1.0.1 வரிசைக்கே 2016 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கஜா வந்து போனது, கொரோனா வந்து போனது, பெட்டி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில்தான் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை இருக்கிறது. 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி உலகத்துக்குத் தெரியவந்தது. கூகுளில் வேலை பார்த்த நீல் மேத்தாவும், பின்லாந்தின் கோடினாமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கோளாறான அந்த வரிகள் ஓபன்எஸ்எஸ்எல்லுக்குள் நுழைந்தது 2011 டிசம்பர் 31 இரவு, அதாவது தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்த மறுநாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்தத் தேதி எனக்கு இப்படித்தான் மனசில் நிற்கிறது.

என்ன கோளாறு என்று உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒன்று "இருக்கியா?" என்று கேட்க, மற்றது "இருக்கேன்" என்று சொல்வதற்கு ஓர் ஏற்பாடு, அதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். கேட்கிறவர் ஒரு சொல்லையும், அது எத்தனை எழுத்து என்ற கணக்கையும் சேர்த்து அனுப்புவார். எதிராளி அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். இப்போது நம் குடோனுக்கு ஒருவர் ஒரே ஒரு சிப்பம் உளுந்து கொண்டு வருகிறார், சீட்டில் 64 ஆயிரம் சிப்பம் என்று எழுதிக் கொடுக்கிறார். சாயங்காலம் வந்து "என் சரக்கைத் திருப்பிக் கொடுங்க" என்கிறார். குடோன்காரர் சீட்டை மட்டும் பார்த்து, அவருடைய ஒரு சிப்பத்தையும், அதற்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மற்றவர்களுடைய சரக்கையும் சேர்த்து வண்டியில் ஏற்றி அனுப்புகிறார். நம் நிலையத்தில் நடக்குமா? சாக்கு எடையைக்கூடக் கழித்துத்தானே பட்டியல் எழுதுகிறோம். அந்தப் பதிப்பில் நடந்தது. வந்தது ஓர் எழுத்து, சீட்டில் 64 ஆயிரம் எழுத்து, லைப்ரரி எண்ணிப் பார்க்கவில்லை. தன் நினைவகத்தில் பக்கத்தில் என்ன கிடந்ததோ அதையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல் கிடந்தால் கடவுச்சொல், ரகசியச் சாவி கிடந்தால் சாவி. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், வழக்கமான பதிவேட்டில் ஒரு தடமும் விழாது. சரிசெய்தபோது சேர்த்தது, வந்த அளவும் சொன்ன அளவும் பொருந்துகிறதா என்று பார்க்கிற சில வரிகள்.

முதல் கடிதத்துக்குக் கம்பெனி கொடுத்த பதிலை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். "பதிப்பு எண் பழையதாகத் தெரிந்தாலும் உள்ளே பேட்ச் போடப்பட்டுள்ளது." இது முழுக்கக் கதை என்று நான் சொல்லமாட்டேன், அப்படி நடப்பது உண்டு. ரெட்ஹாட் போன்ற மென்பொருள் கம்பெனிகள் பதிப்பு எண்ணை மாற்றாமலே ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுக்கும், 1.0.1இ என்றே காட்டும், ஆனால் உள்ளே சரியாக இருக்கும். அதனால் வெறும் எண்ணை வைத்து நான் சண்டைக்கு வரவில்லை. சோதித்துப் பார்த்தேன். சிம் கார்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பெட்டியையும் என் பழைய லேப்டாப்பையும் ஒரே ஒயரில் கோத்து, வேறு எதோடும் இணைக்காமல். ஒரு பக்கம் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, நானே சோதனைக்கு உண்டாக்கிய பயனர் பெயரோடு நுழைந்தேன். இன்னொரு பக்கம் அந்தப் பொய்ச் சீட்டை அனுப்பினேன்.

திரையில் இடது பக்கம் பதினாறு பதினாறாக எண்கள் ஓடும், வலது பக்கம் அதற்கு நேராக எழுத்து. பெரும்பாலும் வெறும் புள்ளிதான். முதல் தடவை குப்பை. அடுத்த நாலைந்து தடவையும் குப்பை, பிரவுசர் அனுப்பிய தலைப்பு வரிகளில் அரைகுறையாக ஏதோ. எட்டாவது தடவையோ என்னவோ, புள்ளிகளுக்கு நடுவில் நான் ஐந்து நிமிடம் முன்பு தட்டிய கடவுச்சொல் முழுசாக நின்றது. சரி, அது என் கடவுச்சொல், எனக்குத் தெரிந்ததுதான். அப்புறம் உறுப்பினர் பட்டியல் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். ஆங்கில எழுத்தில் எங்கள் அத்தையின் பெயர் வந்தது, மாமா பெயர் வந்தது, அதற்கடுத்து வங்கிக் கிளையின் குறியீடு, அதற்கடுத்து கணக்கு எண் கடைசி இலக்கம் வரைக்கும். ராத்திரி பதினொன்றரை மணி. வெளியே மழை. அத்தை அடுத்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். எண்ணை மறைத்துப் படம் எடுத்து, இரண்டாவது கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தேன். லேப்டாப்பில் வந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

இதற்கு நீங்கள் சொன்ன பதில்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், ஏனென்றால் மூன்றும் நல்ல எண்ணத்தில் சொன்னவைதான்.

முதலாவது, கம்பெனியின் விளம்பரத் தாளைக் காட்டி, "256 பிட் பூட்டுன்னு போட்டிருக்கே தம்பி, ராணுவத்துல பயன்படுத்துறதாமே". போட்டிருக்கிறது. பொய்யுமில்லை. அந்த 256 பிட் கணக்கை இன்றைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்களை வைத்து யாரும் மோதி உடைக்கப் போவதில்லை. ஆனால் என் மேசையில் அந்த ராத்திரி கணக்கு உடையவே இல்லை, பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பச்சை மண் சுவரில் மாட்டினால் திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜென்னி பிளெசிங், மைக்கேல் ஸ்பெக்டர், டேனியல் வைட்ஸ்னர் மூவரும் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பரவலாகப் பயன்படுகிற 8 மறையாக்க லைப்ரரிகளில் அதுவரை பதிவான ஓட்டைகளை வகை பிரித்துப் பார்த்தார்கள். மறையாக்கம் சார்ந்த தவறுகள் 27.2 சதவீதம். நினைவகத்தைக் கையாள்வதில் வந்த தவறுகள் 37.2 சதவீதம். பூட்டு செய்கிற பட்டறையிலேயே பூட்டின் கோளாறைவிடச் சுவரின் கோளாறு அதிகம். ஆகவே யாராவது 256 பிட் என்று சொன்னால், சரி சந்தோஷம், எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் அந்தத் தாளில் இடமே இல்லை.

சுவர் ஏன் பச்சை மண்ணாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. இந்த லைப்ரரிகளில் பெரும்பாலானவை சி என்ற நிரல் மொழியில் எழுதியவை. வேகமாக ஓடும், எந்தச் சின்னப் பெட்டியிலும் ஓடும், அதனால்தான் எடுத்தார்கள். ஆனால் சி மொழியில் வரப்பு கிடையாது. பட்டாவில் இத்தனை குழி என்று அளவு இருக்கும், வயலில் இறங்கினால் எல்லாம் ஒரே சமவெளி. எழுதுகிறவர் தானே அளந்து, தன் எல்லையில் நின்றுகொள்ள வேண்டும். ஒரு தடவை மறந்தாலும் பக்கத்து நிலத்து நெல்லை அறுத்துவிடுவார், இல்லையென்றால் தன் தண்ணீரைப் பக்கத்து வயலில் விட்டுவிடுவார். இன்னொரு வகையும் இருக்கிறது, குத்தகை முடிந்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய ஞாபகத்தில் அதிலேயே போய் நாற்று நடுவது, அதற்குள் அங்கே வேறொருவர் விதைத்திருப்பார். மூன்றும் இந்த லைப்ரரிகளில் திரும்பத் திரும்ப வருகிற தவறுகள். அதுவும் முன்பின் தெரியாதவன் ‘நான் இன்னார்’ என்று காட்ட அனுப்புகிற சான்றிதழை, அவன் யார் என்று உறுதியாவதற்கு முன்பே பிரித்துப் படிக்க வேண்டிய வேலை இந்த லைப்ரரிக்கு. ரகசியச் சாவியும் அதே நிலத்தில்தான் கிடக்கிறது. இதைவிட மோசமான அமைப்பை வேண்டுமென்று யோசித்தாலும் கஷ்டம்.

இரண்டாவது பதில், துணைத் தலைவர் அண்ணன் சொன்னது: "நம்ம ஊரை யாரு தேடி வரப் போறா?" அண்ணே, யாரும் தேடி வரமாட்டார்கள், தேட வேண்டிய அவசியமே இல்லை. 2013-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஜீமேப் என்று ஒரு கருவி செய்து, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து உலகத்து ஐபிவி4 முகவரிகள், அதாவது இணையத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களின் கதவு எண்கள், மொத்தத்தையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துக் காட்டினார்கள். மன்னார்குடியில் பஸ் ஏறியவர் தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள். வரிசையாக எல்லாக் கதவையும் தட்டுகிறவனுக்கு ஊர்ப் பெயர் எதற்கு? ஹார்ட்பிளீட் வெளியான அதே வாரத்தில் கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்களை எடுத்துவிட்டார்கள், அந்த வழக்கில் போலீஸ் கைது செய்தது 19 வயது மாணவர் ஒருவரை. நம் பெட்டியின் நிர்வாகப் பக்கம், கம்பெனிக்காரர் சென்னையில் உட்கார்ந்தபடியே பழுது பார்க்க வசதியாக, இணையத்தில் யாரும் வந்து தட்டுகிற மாதிரி திறந்து கிடக்கிறது. அவர் வண்டிச் செலவை மிச்சம் பிடித்ததற்கு ஆயிரத்துச் சொச்சம் பேரின் கணக்கு எண் பணயம்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. "ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குத் தொடணும்?" இதைச் சொல்கிறவர்கள் ஆற்றுப் பாசனத்துக்காரர்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர் வாரவில்லை என்றால் நீர்வளத்துறை வாசலில் போய் உட்காருகிறவர்கள். போன வருடம் தண்ணீர் ஓடியதே, இந்த வருடம் எதற்குத் தூர் வார வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? கரையில் எலி வளை இருப்பது ஆறு காய்ந்து கிடக்கும்போது தெரியாது, முழுக் கொள்ளளவு வரும்போதுதான் தெரியும், அப்போது சவுக்குக் குச்சியும் மணல் மூட்டையும் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ஓடுவோம்.

குடிமராமத்து என்று நம் தாத்தாமார் வைத்திருந்த வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுக்கிறவன் எல்லாம் மண்வெட்டி எடுக்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் கதை அதற்கு நேர் எதிர். ஹார்ட்பிளீட் வெளியானபோது பாதுகாப்பான இணையதளங்களில் சுமார் 5 லட்சம் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பதாக, இணையதளங்களைக் கணக்கெடுக்கிற நெட்கிராஃப்ட் கம்பெனி கணக்குச் சொன்னது. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வாய்க்காலில் தண்ணீர் பிடித்தன. அதைப் பராமரித்தவர்களுக்கு நன்கொடையாக வந்ததோ வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர் என்று அவர்களில் ஒருவரான ஸ்டீவ் மார்க்வெஸ் அப்போது எழுதினார். முழு நேரமாக அதில் உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். அதனால் அந்த வரிகளை எழுதியவரையோ, சரி பார்த்து விட்டுவிட்டவரையோ நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஓட்டை தெரிந்த பிறகு இலவசமாகத் திருத்தமும் கொடுத்து, பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அதை எடுத்துப் போடாமல், அதற்குப் பராமரிப்பு என்று பில் போட்டுக் காசு வாங்குகிறவரைத்தான் சொல்கிறேன்.

புதுப் பதிப்பு போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் லிப்ஜிகிரிப்ட் 1.9.0 என்ற வேறொரு லைப்ரரி வெளிவந்த சில நாட்களிலேயே, ஒரு தகவலைப் பிரித்துப் பார்த்தாலே நினைவகம் வழிகிற ஓட்டை இருப்பதைக் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்தார். அவரே அதே வருடம் டிசம்பரில், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்கிற மொசில்லாவின் என்எஸ்எஸ் லைப்ரரியில் இன்னொன்றைச் சொன்னார், அளவுக்கு மீறிய பெரிய கையொப்பம் வந்தால் பாத்திரம் நிரம்பி வழியும், அது 2012 முதல் அங்கேயே இருந்திருக்கிறது. என்எஸ்எஸ் எவ்வளவு சோதனைகளைத் தாண்டி வருகிறது என்பது தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அதையும் தாண்டி ஒன்பது வருடம். 2022 நவம்பர் 1 அன்று ஓபன்எஸ்எஸ்எல் 3.0.7 வந்தது, முந்தைய வாரமே அவசரம் என்று அறிவித்துவிட்டதால் என்னைப் போன்றவர்கள் அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டைக்கூடத் திரைக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அந்த ஓட்டை இருந்த இடம் பியூனிகோட் என்ற எழுத்துமாற்றி. ஆங்கிலமல்லாத எழுத்தில் இருக்கிற முகவரிகளை, உதாரணமாக .இந்தியா என்று தமிழில் முடிகிற முகவரியை, இணையத்தின் பழைய எழுத்துக்களுக்கு மாற்றுவதற்கான முறை அது. நம் எழுத்துக்காக வைத்த கதவில் நான்கு எழுத்து அளவு வழிந்தது. கடைசியில் பயந்த அளவுக்கு மோசமில்லை என்று தீவிரத்தை ஒரு படி குறைத்தார்கள். ஆனால் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் அன்று ராத்திரியே மாற்றிவிட்டார்கள். நம் பெட்டிகளில் அந்த 3.0 வரிசையே இல்லாததால் அந்த ஓட்டையும் இல்லை என்று கம்பெனிக்காரர் பெருமையாகச் சொன்னார். வீடே இல்லாதவனுக்குக் கூரை ஒழுகாது.

தொழிலில் இருக்கிறவர்கள் இதற்கு வேறு வழியும் காட்டியிருக்கிறார்கள். ரஸ்ட் போன்ற மொழிகளில் வரப்பை மொழியே போட்டுவிடும், எல்லை தாண்டி எழுதினால் நிரல் உருவாகும்போதே மறுக்கும், அல்லது ஓடும்போது நின்றுவிடும், பக்கத்து நிலத்தில் கை வைக்க விடாது. ரஸ்ட்எல்எஸ் என்று அப்படி எழுதிய லைப்ரரி இன்றைக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. கூகுள் ஆண்ட்ராய்டில் பழையதை இடித்துக் கட்டாமல், புதிதாக எழுதுவதை மட்டும் இப்படிப்பட்ட மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள், மொத்த ஓட்டைகளில் நினைவக ஓட்டைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது 2024-இல் 24 ஆனது. மந்திரம் ஒன்றும் இல்லை. தர்க்கத் தவறுகள் எந்த மொழியிலும் வரும், நேரத்தை அளந்து சாவியை ஊகிக்கிற தாக்குதல்களுக்கு ரஸ்ட்டும் தானாக மருந்தாகாது, அதன் அடியிலும் சில இடங்களில் சி, அசெம்பிளி வரிகள் கிடக்கின்றன. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தொல்லையை வாசலிலேயே நிறுத்துகிற ஏற்பாடு இருக்கும்போது, புது ஒப்பந்தம் போடுகிறவர்கள் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை என்பது என் குறை.

இன்னொன்றும் நேற்றுத்தான் பார்த்தேன். மற்ற மூன்று நிலையங்களின் பக்கங்களையும் பிரவுசரில் திறந்து, யாரும் பார்க்கக்கூடிய அந்தச் சான்றிதழை என் மேசையில் இருக்கிற பெட்டியின் சான்றிதழோடு ஒப்பிட்டேன். நான்கிலும் ஒன்றே. நான்கு வீட்டுக்கும் ஒரே சாவி. ஒரு பெட்டியிலிருந்து ரகசியச் சாவி வெளியே போனால் மற்ற மூன்றும் சேர்ந்து போகும். ஹார்ட்பிளீட் வழியாகச் சாவியை எடுக்க முடியுமா என்று 2014 ஏப்ரலில் இணையதளங்களுக்குப் பாதுகாப்புத் தருகிற கிளவுட்ஃப்ளேர் கம்பெனி பொதுவில் சவால் விட்டபோது அன்றைக்கே எடுத்துக் காட்டிவிட்டார்கள், ஆகவே அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

நாளைக்கே செய்யக்கூடியது, காசு ஆகாதது: வெளியிலிருந்து பெட்டிக்கு வருகிற வழியை மூடச் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து நம் சர்வருக்குப் போகிற வழி இருக்கட்டும், எடை போடுவதும் பட்டியல் போடுவதும் ஒரு நிமிடம்கூட நிற்காது. சம்பா அறுவடை தொடங்கியாயிற்று, இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்கு நூறு பேர் அந்தப் பெட்டி வழியாகப் போவார்கள். இதற்கு இயக்குநர் குழு கூட வேண்டியதில்லை, சிஇஓ ஒரு போன் செய்தால் போதும்.

அடுத்து, ஆதரவில் இருக்கிற பதிப்புக்கு நான்கு பெட்டிகளும் மாற வேண்டும். கம்பெனி பெட்டிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் கேட்டு 1.1.1 போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அந்த வரிசைக்கு 2023 செப்டம்பர் 11-உடன் இலவச ஆதரவு முடிந்துவிட்டது. செத்த மாட்டுக்குப் புது மாட்டு விலை கொடுக்காதீர்கள். பழைய பெட்டியில் புதிது ஓடாது என்றால் பெட்டியை மாற்றட்டும், அவர்கள் செலவில், பராமரிப்பு என்று இத்தனை வருடம் வாங்கியது எதற்கு? பதிப்பை மாற்றியதோடு நிறுத்தாமல் நான்குக்கும் தனித்தனிப் புதுச் சாவி, புதுச் சான்றிதழ், எல்லாருக்கும் புதுக் கடவுச்சொல். ஓட்டையை அடைத்துவிட்டுப் பழைய சாவியையே வைத்திருந்தால், முன்பே எடுத்துப் போனவன் கையில் அது அப்படியே இருக்கும்.

ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆகாமலே இருக்கட்டும். பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு மென்பொருளின் பெயரும் பதிப்பும் ஆதரவு முடிகிற தேதியும் எழுத்தில் வர வேண்டும், அப்படிப் பட்டியல் வாங்குவதற்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2024-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. தீவிரமான ஓட்டை அறிவிக்கப்பட்டால் 15 நாளில் திருத்தம், தவறினால் பணம் பிடித்தம் என்று ஒரு பிரிவு வேண்டும். ஈரப்பதம் 17-க்கு மேல் போனால் நம்மிடம் பிடிக்கிறார்களே, அந்த மாதிரி. நினைவகப் பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் எழுதித் தருகிற பதிலை நான் படித்துச் சொல்கிறேன், கூலி வேண்டாம்.

உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். நான்கு நிலையத்து அறிவிப்புப் பலகையிலும், எஸ்எம்எஸ்ஸிலும், தமிழில், சுற்றி வளைக்காமல்: உங்கள் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் வெளியே போயிருக்க வாய்ப்புண்டு, வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் அத்தைக்கு ஹார்ட்பிளீட் புரிய வேண்டியதில்லை, இது புரியும். யாரோ உள்ளே வந்து போனதற்கு அடையாளம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு, அதையும் சிஇஓ மேசையில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

ஏழாவது தீர்மானத்தின் கடைசி வரியை நீக்குங்கள். என்னுடைய இரண்டு கடிதங்களும், தேதியோடு, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். தை கடைசியில் பொதுக்குழு இருக்கிறது, அதற்கு முன்னால் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். போன தடவை "பார்த்துக்கலாம் தம்பி" என்று வாய்மொழியாகச் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெட்டி இன்னும் எங்கள் வீட்டு மேசையில்தான் இருக்கிறது, பழுது நீங்கி, சிம் இல்லாமல். குழுவில் யார் வந்தாலும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பொய்ச் சீட்டை ஒரு தடவை அனுப்பிக் காட்டுகிறேன், பத்து நிமிடம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
பங்குதாரர் ஒருவரின் மகன்